கமலா என்று பாடிய டெக்சாஸ்காரர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் என் சம்சாரம் கமலாவும் ஒரே ஒரு பாட்டைக் கேட்க 140 மைல் போனோம். டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் ரிச்சர்ட்சனிலிருந்து தென்மேற்கே, மனிதர்களைவிட மாடுகள் லட்சம் மடங்கு அதிகமுள்ள சிற்றூர். அங்கே கன்ட்ரி என்கிற கிராமியப் பாணியில் பழைய காதல் பாட்டு ஒன்றை ஊர்க்காரர்கள் ஏழு பேர் ஆளுக்கொரு விதமாகப் பாடுகிற மதியக் கச்சேரி.

அந்தப் பாட்டு எங்களுக்கு, அமெரிக்காவில் முதலில் குடியிருந்த பார்சிப்பனி அபார்ட்மென்ட்டில் கேசட்டாக அறிமுகம். கமலா கல்யாணமாகி வந்து பதினோரு நாள். வெளியே இமயமலை உயரத்துக்குப் பனி. பாடியவர் வார்த்தைகளை வெற்றிலைபோல மெல்லும் டெக்சாஸ்காரர். அவர் வாயில் 'கம் அலாங், கம் அலாங்' என்பது 'கமலா, கமலா' என்றே விழும். "பாத்தியா, உன் பேர்லயே பாட்டு போட்டிருக்கான்" என்றேன். நம்பிவிட்டாள்.

அப்புறம் வந்த வருடங்களில் அதையே ஒரு பெண்மணி பாடினார். ஒரு கூட்டம் டிரம்ஸோடு கத்தியது. பே ஏரியாவில் இருக்கும் எங்கள் மகளின் காரில் ஓடிய பாட்டில் ஒரு சின்னப் பெண் தூக்கத்தில் பாடுவதுபோல் முணுமுணுத்தாள். யார் பாடினாலும் அந்த 'ங்' வரும் இடத்தில் நான் இருமிவிடுவேன். முப்பது வருட இருமல்!

இரண்டு வருடமாகக் கமலாவுக்குக் காது மந்தம். பார்ட்டியில் யாராவது "உப்பு போதுமா ஆன்ட்டி?" என்று கேட்டால் "ஊபர்லதான் வந்தோம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பிறகு பார்ட்டிகளுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். வாங்கிய காது மெஷின் நாலு மாதமாகக் கைப்பையில் தூங்கியது. அதை எழுப்பிக் காதில் ஏற்றவே இந்தப் படையெடுப்பு.

காலை 9.40க்குக் கிளம்பி 12.30க்குச் சேர்ந்தோம். டிக்கெட் தலைக்கு 12 டாலர். டிக்கெட் கிழித்த பெரிய தொப்பிக்காரரே முதலில் மேடையேறினார். அச்சு அசல் கேசட் குரல். 'கமலா!' எனக்குப் புல்லரித்தது. திரும்பினேன். அவள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பாட்டு எப்பங்க வரும்?"

என் வாய்ச்சவடால் முழுக்க அங்கேயே வடிந்துபோனது.

"மெஷினைப் போடு கமலா. அதான் பாடறாங்க."

போட்டுக்கொண்டாள். அடுத்துப் பாடிய அம்மா, டிக்டேஷன் கொடுக்கும் டீச்சர்போல ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தினார். எனக்குத் தொண்டை அரித்தது. இருமவில்லை.

"ஏங்க."

"ம்."

"கம் அலாங்னுல்ல பாடறாங்க?"

"ஆமா."

"என் பேரே இல்லையா?"

"இல்லை."

"ஃப்ராடு!" முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. இன்னொரு சரணம்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "கூட வா, கூட வான்னுதானே கூப்பிடறான். அதான் வந்தேனே" என்று என் கையைப் பிடித்தாள். ஏழு பேரும் பாடி முடிக்கும்வரை விடவில்லை.

போகிறவர்கள் ஸ்பீக்கர் பக்கம் உட்காராதீர்கள், மெஷின் விசிலடிக்கும். அங்கே கிடைப்பது மாட்டிறைச்சி மட்டும், அதனால் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொள்ளவும். கடைசி முப்பது மைலில் பெட்ரோல் போட கேஸ் ஸ்டேஷன் கிடையாது.

திரும்பும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டு எட்டாவது வெர்ஷனை நானே அரங்கேற்றினேன்.

"சுருதி சேரவே இல்லீங்க" என்றாள்.

ரிச்சர்ட்சன் வரும்வரை பாடினேன். அவள் மெஷினைக் கழற்றவில்லை.