பேருக்குப் பின்னால் பி.ஏ.

பழைய மாணவன் செபஸ்தியானின் அழைப்பு வந்தபோது நான் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கல்லூரிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்றைக்கு விசாரிக்கவில்லை. "மேடம், நம்ம ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிருச்சாம். அவங்க அண்ணன்கிட்ட கேட்டேன், பக்கத்து வீட்டுல கேட்டேன், ஆஸ்பத்திரியிலயும் கேட்டேன். மூணு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க" என்றான். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு அழுகை வந்தது. மூன்று பேரிடம் கேட்காமல் எதையும் நம்பாதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் செத்துப்போனதையே அவன் மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்திருக்கிறான். கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. நான் ஏறவில்லை. ஆவூருக்குப் போகும் பேருந்தைத் தேடிப் போனேன்.

ஸ்டெல்லாக்காவிடம் படித்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கல்லூரியில் அவர் வரலாறு நடத்தினார், நான் தமிழ் நடத்துகிறேன். இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே மின்விசிறி. அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை நடக்காத வெயில்காலம் கிடையாது. ஆவூர்க்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தார். அண்ணன் ஓய்வு பெற்ற பொறியாளர், அவர் பிள்ளைகளும் பொறியாளர்கள். அந்த வீட்டில் வரலாறு படித்தவர் அக்கா ஒருவர்தான்.

அவர் போன நேரத்தை நினைத்தால் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. வரலாற்றில் பிள்ளைகள் சேர்வதில்லை, இந்த வருடமும் வகுப்பு நிரம்பாவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவோம் என்று கல்லூரிச் செயலர் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த வரிசையில் நிற்பது தமிழ். சேர்க்கைக்குச் சில வாரங்களே இருந்தன. இந்தச் சண்டையில் முன்னால் நிற்க வேண்டியவர் கிளம்பிவிட்டார்.

சேர்க்கைக் காலத்தில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரி முகப்பில் துறைக்கு ஒரு மேசை போடுவார்கள். கணினித் துறை மேசையில் திரை வைத்துப் படம் ஓடும், வணிகவியலுக்குப் பந்தல் உண்டு. வரலாற்றுக்கு சைக்கிள் ஸ்டாண்டு ஓரம். ஒரு வருடம் நார்த்தாமலைப் பக்கமிருந்து ஒரு அம்மா, மகள் பானுவை அழைத்துக்கொண்டு வந்தார். இதைப் படித்தால் புள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில், கலெக்டர் ஆகலாம் என்பதுதான். அக்கா அதைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. எதிர் மேசையில கேட்டுப் பாருங்க. இன்னைக்கு இருக்கிற வேலை ஒங்க பொண்ணு படிச்சு முடிக்கயில இருக்குமான்னு அவங்களுக்கும் தெரியாது. ஆனா ஒருத்தர் பொய் சொன்னா அது எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்க நாங்க சொல்லித் தருவோம். அது தெரிஞ்ச புள்ள எங்கிட்டு வேணா பொழைச்சுக்கும்."

அந்த அம்மா நிஜமாகவே எதிர் மேசைக்குப் போனார். அதற்கடுத்த மேசைக்கும் போனார். போன பிள்ளையைப் பிடித்துவர வேண்டாமா என்று நான் அக்காவிடம் கடுகடுத்தேன். அவர் பாட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அங்கிட்டு எல்லாருமே எல்லாம் தெரியும்னு சொல்றாங்க. அதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றார். பானு வரலாற்றில் சேர்ந்தாள். இன்றைக்குத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில், நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. எந்த மேசையிலும் எங்களில் யாரும் சொல்லியிருக்க முடியாத வேலை அது.

ஒருமுறை செயலர் எங்கள் மேசைக்கென்று ஒரு பலகை செய்து அனுப்பினார். வரலாறு படித்தால் அரசு வேலை உறுதி என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது. அக்கா அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அதன்மேல் தன் பையை மாட்டினார். போட்டித் தேர்வு எழுதுவது தப்பில்லை, ஆனால் அதற்கு மட்டும்தான் வரலாறு என்று சொன்னால் அது வரலாற்றைக் கோச்சிங் சென்டராக்குகிற வேலை என்பது அவர் கட்சி. செயலர் விடவில்லை. பழைய மாணவன் முத்துக்குமார் ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்ததாகவும், அதை வெளியில் சொல்லாமல் இருப்பது நல்லது என்றும் சொன்னார். அக்கா சிரித்தபடியே பதில் சொன்னார். "ஏன் சார் சொல்லக்கூடாது? தாராளமாச் சொல்லுவோம். அவன் பக்கத்துல நின்னு துணி மடிக்கிற பையன் பி.இ. படிச்சவன். அதுக்காக யாரும் இன்ஜினியரிங் காலேஜை மூடலையே." செயலர் பேச்சை மாற்றினார். அந்தப் பலகை இன்னும் எங்கள் அறையில் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது.

அவர் பாடம் நடத்திய விதம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ராஜாக்களுக்குப் போகும் முன்னால், முதல் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் அண்மையில் நடந்த ஒரு தகராறை எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் லாரிச் சண்டையாக இருக்கலாம், பேருந்து உரசிய விவகாரமாக இருக்கலாம். மூன்று பேரிடம் கேட்டு எழுத வேண்டும். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதினால் மதிப்பெண் கிடையாது. யாரிடம் கேட்காமல் விட்டோம் என்று எழுதினால்தான் மதிப்பெண். பிள்ளைகள் புலம்பித் தள்ளுவார்கள். ஊர்ச் சண்டையை இழுத்துவிடுகிறார் என்று பெற்றோரும் வந்து புகார் சொல்லியிருக்கிறார்கள்.

செபஸ்தியான் இதே வகுப்பில் உட்கார்ந்தவன்தான். அக்காவின் ஊர்க்காரன், விவசாயக் குடும்பம். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, விபத்து ஒன்றைப் பற்றிய தாள்களைக் கொடுத்துப் படித்துக் கருத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் சட்டம் பேசினார்கள், கணக்குப் பேசினார்கள். இவன் படித்து முடித்துவிட்டு, லாரி டிரைவர் சொன்னது இருக்கிறது, டீக்கடைக்காரர் சொன்னது இருக்கிறது, அடிபட்ட அம்மா சொன்னது எங்கே சார் என்று கேட்டிருக்கிறான். அவரிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. வேலை இவனுக்குக் கிடைத்தது. இன்றைக்கும் விபத்து விசாரணைதான் அவன் பிழைப்பு. சம்பளம் வந்ததும் முதல் காரியமாக அக்காவுக்கு ஒரு மின்விசிறி வாங்கி வந்தான். அதுவும் ஒழுங்காகச் சுற்றவில்லை.

அவனுடைய கல்யாணப் பத்திரிகையில்தான் அந்தக் கூத்து நடந்தது. நம் பக்கம் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் படிப்பைப் போடுவது தாலி மாதிரி கட்டாயம். மணப்பெண் பேருக்குப் பின்னால் பி.இ. இருந்தது. செபஸ்தியான் பேருக்குப் பின்னால் மொட்டையாக இருந்தது. அவன் அப்பா எங்கள் அறைக்கு வந்து தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தார். அக்கா பத்திரிகையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். படிப்பு எங்கே என்று கேட்டார். அந்த மனிதர் நெளிந்தார். பொண்ணு பி.இ., மாப்பிள்ளை பி.ஏ. என்று அச்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சம்பந்தி வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதனால்தான் விட்டுவிட்டோம் என்றார்.

"ஒங்க மகன் களவாண்டுட்டு வந்தானா, மறைக்கிறதுக்கு? மூணு வருஷம் எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுப் படிச்சிருக்கான். அதைப் போட்டுக் கொண்டாங்க, குடும்பத்தோட வாரேன். இல்லைன்னா கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்றார். குடும்பம் என்று அவர் சொன்னது எங்களைத்தான்.

பத்திரிகையை மறுபடி அடிக்கவில்லை, அடிக்கவும் நேரமில்லை. ஆனால் விஷயம் அவன் கூட்டாளிகள் காதுக்குப் போய்விட்டது. கல்யாண மண்டப வாசலில் அவர்கள் வைத்த பிளக்ஸில் செபஸ்தியான் என்ற பெயர் ஒரு அளவு, பி.ஏ. வரலாறு என்பது அதைவிடப் பெரிய அளவு. மணப்பெண் அதற்குக் கீழே நின்று படமெடுத்துக்கொண்டாள். அக்கா பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கினார். அதிலிருந்து எங்கள் பிள்ளைகள் கல்யாணம் எதுவானாலும் வாசலில் அந்த எழுத்துதான் பெரிசு. வேறு துறைப் பிள்ளைகள் கேலி செய்தார்கள், பிறகு பொறாமைப்பட்டார்கள்.

அக்காவின் இந்தக் கண் என்னையும் விடவில்லை. என் பெயர்ப்பலகையில் எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "மாடி எல்லாம் இருக்கு கலா, ஏறி வந்த படியைக் காணோமே?" என்றார். எம்.ஏ. இருந்தால் யாரும் பி.ஏ. போடுவதில்லையே அக்கா என்றேன். அதனால்தான் நம் படிப்பை ஆளுக்கு ஆள் மிதிக்கிறார்கள் என்றார்.

அன்று காலை ஆவூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். அண்ணன் வீட்டில் அவசரமாக அடித்தது. கீழே வருந்தும் குடும்பத்தார் பெயர்கள் இருந்தன. அண்ணனுக்குப் பின்னால் பி.இ., அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் பி.இ., எம்.இ. நடுவில் பெரிதாக அக்காவின் சிரித்த முகம். அதன் அடியில் செல்வி ஸ்டெல்லா என்று மட்டும் இருந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேருக்குப் பின்னால் படிப்பைத் தேடியவருக்குப் படிப்பில்லாமல் ஒரு பிளக்ஸ். அண்ணன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செபஸ்தியானும் பானுவும் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். செபஸ்தியான் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான்.

மாலையில் உடலை மாதா கோயிலுக்கு எடுத்து வந்தபோது வாசலில் புது பிளக்ஸ் நின்றது. ஸ்டெல்லா, பி.ஏ. (வரலாறு), எம்.ஏ., எம்.ஃபில். பி.ஏ.தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. கீழே அவரிடம் படித்தவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பி.ஏ. வரலாறு, அதற்குப் பின்னால் அவரவர் பார்க்கும் வேலை. விபத்து விசாரணை, மருத்துவமனை, பத்திரிகை, கிராம நிர்வாகம், மொழிபெயர்ப்பு, காவல்துறை என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் முத்துக்குமார், பி.ஏ. வரலாறு, ஜவுளிக்கடை விற்பனையாளர் என்றும் இருந்தது. பெயரை மட்டும் போட்டு வேலையை விட்டுவிடலாமா என்று செபஸ்தியான் அவனிடம் போனில் கேட்டிருக்கிறான். எழுத்துக் குறையாமல் போடு என்று அவன் சொல்லிவிட்டானாம்.

அக்காவின் அண்ணன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எங்களுக்குத் தோணலம்மா. அவளும் ஒரு நாளும் எங்ககிட்ட கேட்கல" என்றார். பிறகு வீட்டில் அடித்த பிளக்ஸைத் தாமே அவிழ்த்துச் சுருட்டி எடுத்துப் போனார். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அதோடு போயிற்று.

செயலரும் வந்திருந்தார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பிளக்ஸை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, மேடத்தின் நினைவாக வரலாற்றை இன்னும் ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கருமாதிக்குப் பந்தல் போடுகிற மாதிரி அது எனக்குக் கேட்டது.

"அவங்க நினைவுக்காக வேண்டாம் சார். படிக்க வர்ற புள்ளைங்களுக்காகத் தொறந்து வைங்க. சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்துல இல்ல, பந்தலுக்குள்ள மேசை போடுங்க. நான் உட்கார்றேன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம்வரை சொல்லவில்லை.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சேர்க்கை நாளில் மேசை இருக்கும். செபஸ்தியான் லீவு போட்டுவிட்டான். பானு வருகிறாள். முத்துக்குமார் கடையில் கேட்டு அரைநாள் வாங்கியிருக்கிறான். இந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்று சொல்வோம். தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் மேசையையும் காட்டி அனுப்புவோம். இதைப் படிக்கும் நீங்களும், அன்றைக்கு உங்களால் முடிந்தால் வந்து எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். என் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதச் சொன்னேன். எழுதுகிறவர், இதெல்லாம் போடுவாங்களா மேடம் என்று இரண்டாம் தரம் கேட்டார். போடுவோம் என்றேன். அது இப்போது எங்கள் அறை வாசலில், அக்காவின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதில் எழுதியிருப்பதையே இங்கும் கையெழுத்தாகப் போடுகிறேன்.

கலாவதி, பி.ஏ. (தமிழ்)