இடது வளைவு

விழுந்து கற்றுக்கொண்டதை, இன்னும் விழாத ஒருவருக்குக் கற்றுத்தர முடியுமா? ஆதிலட்சுமியின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அவளுக்கு வந்ததா என்று தெரியாது. அவள் கேள்விகளோடு உட்காருகிறவள் அல்ல. காலை நாலரைக்கு எழுந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது மாநிலப் போட்டிக்கான தேர்வுக்குப் போயிருந்தாள். முதல் மூன்று சுற்றும் அவள்தான் முன்னால். நாலாவது சுற்றில் ஓர் இடது வளைவு. பக்கத்தில் இன்னொரு சைக்கிள் நெருங்கியதும் அவள் உடம்பு விறைத்தது. சைக்கிள் வளையாமல் நேராகப் போய்ப் புழுதியில் சாய்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. டயரில்தான் குறை என்று பல வருடம் நினைத்திருந்தாள். பிறகு கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்து, பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள்தான் உறைத்தது. பந்தயப் பாதைகள் இடப்பக்கமாகச் சுற்றுகின்றன. அவளோ அடி அண்ணாமலைக்காரி. சைக்கிள் பழகியதும் வேகம் பழகியதும் கிரிவலப் பாதையில். மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். ஆகவே அவளுக்குத் தெரிந்த வளைவெல்லாம் வலது வளைவு. பதினான்கு கிலோமீட்டரை ஆயிரம் தடவையாவது சுற்றி, ஒரே பக்கம் சாய்ந்து பழகிய உடம்பு அது.

இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. மற்றவர்களுக்கு ஒன்பது நிமிடத்தில் புரியவைத்துவிடலாம் என்று நம்பியதுதான் அவள் செய்த தவறு.

ஊரடங்கு முடிந்த வருடம் ஒரு குழு ஆரம்பித்தாள். சைக்கிள் வைத்திருக்கிற யாரும் வரலாம். பௌர்ணமியன்று மட்டும் விடுமுறை. அன்று பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. வந்தவர்களைப் பார்த்தால் குழு என்று சொல்லத் தோன்றாது. மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் பார்த்த சக்கரவர்த்திக்கு அறுபது வயது. சர்க்கரை ஜாஸ்தி, டாக்டர் பயமுறுத்தியதால் வந்தார். ரமணாசிரமம் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் விமல்ராஜ், ஒரு மோட்டார் சைக்கிள் விலையில் சைக்கிள் வாங்கியிருந்தான். அதன் மேல் உட்கார இன்னும் பழகவில்லை. செங்கம் ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளராக இருந்த பொன்னி, மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள். இன்னும் பத்துப் பேர். இவர்களுக்கு நடுவே கீதாஞ்சலி, இருபத்திரண்டு வயது, காற்று மாதிரி.

இத்தனை விதமானவர்களை ஒரே பாதையில் ஓட்டவைப்பது எளிதல்ல. ஆதிலட்சுமி எப்போதும் கடைசி ஆளோடு, அதாவது பொன்னியோடு, பின்னால் வருவாள். முன்னால் போகிறவர்கள் பாதி வழியில் திரும்பி வந்து பின்தங்கியவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஒருவரும் திரும்பவில்லை. பாதி சுற்றிவிட்டுத் திரும்பக் கூடாதாம். எல்லாரும் அடி அண்ணாமலையில் டீக்கடை ஓரம் நின்று, உடம்பு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வரும்போது இரண்டாவது டீ முடிந்திருக்கும். மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. அவளைப் பெரிய பயிற்சியாளர் என்று சொல்லிவிட முடியாது. பெரிய பயிற்சியாளர் என்றால் அந்த டீயை முதலில் நிறுத்தியிருப்பார்.

போன வருடம் மாவட்டத் தேர்வு அறிவித்தார்கள். பெண்களில் முதலில் வரும் நான்கு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கீதாஞ்சலிக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிந்தது. அடுத்த வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. ஊருக்கு வெளியே மனை போட்டு, தார் ரோடு மட்டும் போட்டு, வீடு எதுவும் எழும்பாத ஓரிடத்தில் பந்தயம். எட்டு சுற்று. சுற்றுக்கு நான்கு வளைவு. நான்கும் இடது.

ஆதிலட்சுமி அன்று காலையே சொன்னாள். "நாளையிலிருந்து மூணு வாரம் எதிர்ப்பக்கமா ஓட்டறோம். இங்கிருந்து அப்படியே திரும்பி, மலை இடக்கைப் பக்கம் வர்ற மாதிரி."

சக்கரவர்த்தி தொண்டையைச் செருமினார்.

"இன்னா டீச்சர், காலங்காத்தால இப்படிச் சொல்றே?"

"தெனம் பஸ்ஸு அந்தப் பக்கமாப் போகலீங்களா ஐயா? லாரி போகலையா?"

"பஸ்ஸு போவுது. நாம சுத்தறோம். போறது வேற, சுத்தறது வேற."

"நாம சாமி கும்பிடலீங்க. பயிற்சி பண்றோம்."

"அது உனக்குத் தெரியும். மலைக்குத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிரிவலம் போகிறவர்களைப் பழிக்கிறவள் அல்ல அவள். மாதம் ஒருமுறை அவளும் செருப்பில்லாமல் நடக்கிறவள்தான். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க ஏன் இவர்களால் முடியவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

"என் ரூமுல தங்கற வெள்ளக்காரங்ககூட அந்தப் பக்கமா நடக்கமாட்டாங்க டீச்சர்" என்றான் விமல்ராஜ். "உள்ளூர்க்காரன் நான் போனா நல்லாவா இருக்கும்?"

"நான் தெனம் டூட்டிக்கு அந்தப் பக்கமாத்தான வர்றேன்" என்றாள் பொன்னி. "சாமி ஒண்ணும் கேக்கலையே."

"உன் வேகத்துக்கு அதைச் சுத்தறதுனு யாரும் சொல்லமாட்டாங்க பொன்னி" என்றார் சக்கரவர்த்தி.

கீதாஞ்சலி மட்டும் தனியாகப் பழகினால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. தனியாக ஓட்டினால் வளைவு மட்டும்தான் பழகும். இரண்டு கையளவு தூரத்தில் இன்னொருவர் மூச்சுவிடும்போது வளைவது பழகாது. அதற்குப் பத்துப் பேர் வேண்டும், மெதுவாக ஓட்டுகிறவர்களானாலும். இதை ஆதிலட்சுமி மூன்று நாள் மூன்று விதமாகச் சொன்னாள். சாக்கட்டியால் தரையில் வரைந்துகூடக் காட்டினாள். சக்கரவர்த்தி குனிந்து பார்த்துவிட்டு, "கோலம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அவள் கன்னியம்மாளைப் போய்ப் பார்த்தாள். கீதாஞ்சலியின் அம்மா அவள்; அடி அண்ணாமலையில் பாதையோரம் கற்பூரமும் அகல்விளக்கும் விற்கிற கடை.

"அக்கா, மூணு வாரம்தான். நீங்க சொன்னா அவ கேப்பா."

கன்னியம்மாள் அகல்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "டீச்சர், எங்க கடைக்கு யார் வர்றாங்க?"

"சுத்தறவங்க."

"எந்தப் பக்கமா சுத்தறவங்க? எம் பொண்ணு எங்க கடை வாசல்லயே எதிர்ப்பக்கமா பத்துப் பேரோட ஜாலியா சுத்தினா, எவன் எங்கிட்ட கற்பூரம் வாங்குவான்? நானே வாங்கமாட்டேன்."

அந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக ஆதிலட்சுமிக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. முட்டாள்தனமாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

பந்தயம் நடக்கப்போகிற மனைப்பிரிவுக்கே அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. பொன்னியும் கீதாஞ்சலியும் மட்டும் வந்தார்கள். காவலாளி அரை மணி நேரம் விட்டான். பொன்னி முதல் சுற்றிலேயே கண்ணுக்கு எட்டாத தூரம் பின்தங்கிவிட்டாள். கீதாஞ்சலி தனியாக, அழகாக, நான்கு வளைவையும் வளைந்து வந்து நின்றாள்.

"பாத்தீங்களா டீச்சர்? எனக்கு வருது."

"பக்கத்துல யாருமில்ல. அதனால வருது."

கீதாஞ்சலி தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகினாள். பிறகு மரியாதையாகவே சொன்னாள்: "நீங்க விழுந்தீங்கனா எல்லாரும் விழணும்னு இல்லீங்களே டீச்சர்."

காவலாளி கையைக் காட்டிக் கிளம்பச் சொன்னான். திரும்பி வரும் வழியில் பொன்னி ஒருமுறை, "நான் கொஞ்சம் வேகமா ஓட்டிப் பழகியிருக்கணும் டீச்சர்" என்றாள். தன் மேல் தப்பு என்று அந்தக் கூட்டத்தில் நினைத்தது அவள் ஒருத்திதான்.

பந்தயத்தன்று குழு முழுவதும் வந்திருந்தது. சக்கரவர்த்தி வேன் பிடித்து, இட்லிப் பொட்டலத்தோடு எல்லாரையும் அழைத்து வந்திருந்தார். விமல்ராஜ் தன் சைக்கிளையே கீதாஞ்சலிக்குக் கொடுத்திருந்தான், அதுவும் அவள் கேட்காமலே. எதிர்ப்பக்கம் மூன்று வாரம் ஓட்டுவதைத் தவிர அவளுக்காக வேறு எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள். இந்த அன்பை என்ன செய்வது என்று ஆதிலட்சுமிக்குத் தெரியவில்லை. இட்லியைக் கையில் வாங்கி, சாப்பிடாமல் வைத்துக்கொண்டாள்.

அவள் நின்றது மூன்றாவது வளைவில். ஏழு சுற்றுவரை கீதாஞ்சலி இரண்டாவதாக வந்தாள், பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளியே, தனியாக. எட்டாவது சுற்றில் பின்னாலிருந்தவர்கள் நெருங்கினார்கள். செய்யாற்றுப் பெண் ஒருத்தி உட்பக்கமாக நுழைந்தாள். கீதாஞ்சலியின் தோள் உயர்ந்தது, கை விறைத்தது. ஆதிலட்சுமிக்குத் தன் தோளில் வலித்தது. அதே நேரத்தில் அந்தப் பெண்ணின் முன்சக்கரம் கீதாஞ்சலியின் பின்சக்கரத்தை உரசியது. லேசான உரசல்தான், இடது வளைவு பழகியவர்கள் கவனிக்காமலே போய்விடுவார்கள். ஆனால் உரசியது உண்மை. கீதாஞ்சலி நேராகப் போய் மனைக்கல்லில் மோதி விழுந்தாள். எழுந்து, சங்கிலியை மாட்டி, முழங்கையில் ரத்தத்தோடு ஓட்டி முடித்தாள். ஆறாவது இடம். செய்யாற்றுப் பெண் நாலாவது.

"அவ இடிச்சா டீச்சர்" என்றாள் கீதாஞ்சலி. அழவில்லை. "நீங்க அங்கதான நின்னீங்க. பாத்தீங்க இல்ல?"

நடுவர்களின் மேசைக்கு முன் சக்கரவர்த்தி ஏற்கெனவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மூத்த நடுவர் பொறுமைசாலி. விதியைச் சொன்னார். வளைவில் உரசியதாகப் பயிற்சியாளர் அரை மணிக்குள் எழுதிக் கொடுத்தால், அவர்கள் இருவரையும் மட்டும் நாலாவது இடத்துக்கு மறுபடி ஓட்டவிடலாம். அந்த வளைவில் வேறு நடுவர் இல்லை. பார்த்தது ஆதிலட்சுமி ஒருத்திதான்.

"ரெண்டே பேருன்னா ஜெயிச்சிடுவா" என்றான் விமல்ராஜ் மெதுவாக. அது உண்மை. வெறும் பாதையில் கீதாஞ்சலியைப் பிடிக்க அங்கே ஆளில்லை.

நடுவர் வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார். ஆதிலட்சுமி வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தொலைவில் மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் செய்யாற்றுப் பெண், தன் அப்பா கொடுத்த வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். இந்தப் பக்கம் கீதாஞ்சலி, முழங்கையைப் பொன்னியிடம் கொடுத்துவிட்டு, இவளையே பார்த்தாள். பொன்னி பஞ்சால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேனா மூடியைக் கழற்றினாள். தேதி எழுதினாள். கீதாஞ்சலியின் பெயரும் எண்ணும் எழுதினாள். அதன் பிறகு, விழவைத்தது உரசலா விறைத்த தோளா என்று, இருபது நிமிடம் தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், நேரமாவுது" என்றார் சக்கரவர்த்தி. "நடந்ததைத்தான எழுதச் சொல்றோம். பொய்யா எழுதச் சொல்றோம்?"

"இல்லீங்க ஐயா."

"பின்ன?"

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். மூத்த நடுவர் தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"உரசிச்சா இல்லையானு எழுதலையேம்மா. கையெழுத்தும் இல்ல."

"ஆமாங்க சார்."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது."

"தெரியுங்க சார்" என்று சொல்லி, பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, கீதாஞ்சலி ஓட்டிய சைக்கிளை வேனில் ஏற்றப் போனாள். ஏன் என்று அன்று வேனில் கேட்டார்கள். பிறகு கன்னியம்மாள் கடைவாசலில் நிறுத்திவைத்துக் கேட்டாள். ஆதிலட்சுமி யாருக்கும் சொல்லவில்லை.