இரண்டு மலை தெரிந்த கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு வள்ளியம்மா தெருவே கேட்கும்படி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

குற்றம் என்ன தெரியுமா? மொட்டை மாடியில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் மலைக்கும் நடுவில் அவர் வீட்டு மாடி. அங்கே அவருடைய மருமகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

"ஏன் மாஸ்டர், பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா இப்படியா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு டிராயிங் சொல்லித் தர்ற மனுஷன்... வெக்கமா இல்ல?"

என்னுடன் மாடியில் இருந்தவன் சாதிக். தேரடியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் நண்பன். சின்ன வயசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாக அடி வாங்கியவர்கள் நாங்கள். ஆபத்துக்கு உதவுவான் என்று திரும்பிப் பார்க்கிறேன் — ஆளைக் காணோம்! ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டான்.

"அம்மா, இதுல ஃபிலிமே இல்லம்மா. மலையப் பாக்கறேன்."

"மலையப் பாக்க எதுக்குக் கேமரா? ஆண்டவன் குடுத்த கண்ணு இன்னா ஆச்சு?"

நியாயமான கேள்வி. நீங்களே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கேமராவில் கண்ணை வைத்தார்.

"அட, அண்ணாமலையாரே! ரெண்டா நிக்கறியேப்பா!" என்று பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோபமெல்லாம் போய்விட்டது. கீழே இறங்கும்போது, "ரெண்டு பேரையும் கும்புட்டுட்டேன், எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

அவருக்கு அது தரிசனம். எனக்கு அது தலைவலி. அந்த இரண்டாவது மலையால்தான் இத்தனை வருஷமாக என்னிடம் என் மனைவியின் முகம் இல்லை. விவரமாகச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அம்சாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்சா என் மனைவி. நர்ஸ். நல்ல வேலை வருகிறது, ஒரு வீடு கட்டும் வரைக்கும் போய்வருகிறேன் என்று குவைத்துக்குக் கிளம்பினாள். வீடு எழும்பிவிட்டது. நான் திட்டு வாங்கிய அந்த மொட்டை மாடிகூட அவள் சம்பாத்தியம்தான். ஆனால் அம்சா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவு. தன் வீட்டில் அவள் ஒரு மழைக்காலத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

"நீதான் டிராயிங் மாஸ்டராச்சே, அவங்க முகத்த வரைஞ்சு வெச்சுக்கறதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வரைந்து பார்க்காமலா இருப்பேன்? மூக்கு வரும், நெற்றி வரும், அம்சா வர மாட்டாள். பாஸ்போர்ட்டுக்காக ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று தலையை நிமிர்த்தி உட்காரவைத்து எடுத்தது. அதில் இருப்பது ஏதோ ஒரு நர்ஸம்மா. ஊசி போட வந்தவர் மாதிரி பார்க்கிறார்.

எனக்கு வேண்டியது அது இல்லை. சமையலறையிலிருந்து ஏதோ சொல்ல வந்து, சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் பாருங்கள்... அந்த முகம். அது ஒன்று கையில் இருந்தால் இரண்டு வருஷத்தை எப்படியோ ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அம்சாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முதல் லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு கேமராவை எடுத்து நீட்டினாள். ஹாஸ்டலில் கூட இருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸிடம் வாங்கியதாம். ஜப்பான் சரக்கு. நன்றாக அடிபட்டது. மூலையில் நசுங்கல், மேலே ஒட்டியிருந்த தோல் பாதி உரிந்து தொங்கியது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்று ஒரு ஜாதி கேமரா அது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். லென்ஸைத் திருகிக்கொண்டே போனால் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றோடு ஒன்று பொருந்தும். பொருந்தினால் ஃபோகஸ் சரி, பட்டனை அமுக்கலாம். எங்களுடையதில் என்ன திருகினாலும் பொருந்தவே இல்லை. எங்கேயோ கீழே விழுந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி கோணிக்கொண்டுவிட்டது.

தூக்கிக்கொண்டு சாதிக்கிடம் ஓடினேன். அவன் வாழ்க்கையில் கேமராவைத் திறந்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் அவன் சாதிக்கா?

"இன்னா மாஸ்டர், வாட்ச்சுல இருக்கறத விடவா இதுல ஸ்க்ரூ ஜாஸ்தி? வெச்சுட்டுப் போ."

குறை சொல்லக்கூடாது, கேமராவை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்துவிட்டான். உரிந்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாணியம்பாடி மச்சானிடம் சொல்லிச் சிவப்பு ஆட்டுத்தோல் வரவழைத்து ஒட்டினான். கேமராவில் கண் வைக்கும் இடத்து இரும்பு வளையம் என் மூக்குக்கண்ணாடியைக் கீறுகிறது என்றேன். சோடா பாட்டில் கழுத்திலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி அங்கே மாட்டினான். படமெடுக்கும் பட்டன் விரலுக்குச் சிக்காமல் வழுக்கியது. அதற்கு வழி சொன்னவள் அம்சா. தன் ரவிக்கையிலிருந்து ஒரு பிரஸ் பட்டனைப் பிரித்து, கேமரா பட்டனின் தலையில் ஒட்டவைத்தாள். தடவினால் கைக்கு அகப்படும்.

கடைசியாக ஃபோகஸ். ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. லென்ஸில் படுத்துக் கிடக்கிற எட்டு மாதிரி ஒரு குறி இருக்கும் — இன்ஃபினிட்டி. அதாவது கண்ணுக்கெட்டாத தூரம். லென்ஸை அந்தக் குறியில் நிறுத்திவிட்டு, ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி, அந்தத் தூரத்துப் பொருளை ஒன்றாகப் பொருத்த வேண்டும்.

திருவண்ணாமலையில் தூரத்துக்கு என்ன பஞ்சம்? மலை இருக்கிறதே! ஆனால் அது ஐப்பசி மாதம். அடைமழை. மலை இருந்த இடம் தெரியாமல் மேகம் மூடிக் கிடந்தது. அம்சா புறப்படும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மேகம் விலகட்டும் என்று காத்திருக்க யாருக்குப் பொறுமை?

"மலை இல்லன்னா இன்னா மாஸ்டர்? எதுக்க கோபுரம் நிக்குதே! அத விடப் பெருசு உனக்கு இன்னா வோணும்?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. பிறந்ததிலிருந்து எங்களுக்கு எல்லாமே கோபுரத்தை வைத்துத்தானே? வழி சொல்வது அதை வைத்து, கடைக்கு அடையாளம் அதை வைத்து, பஸ்ஸில் தூங்கி விழித்தால் ஊர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதும் அதைத்தான். சாதிக் கடை வாசலில் நின்றபடியே கேமராவைத் தூக்கினான். கோபுர உச்சியின் கலசங்களைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருகினான். பொருந்திவிட்டது. ஸ்க்ரூமேல் ஒரு சொட்டு அரக்கு வைத்து மூடினான்.

அம்சாவை எடுத்தேன், எடுத்தேன், அப்படி எடுத்தேன். வீட்டுக்குள்ளேதான். வெளியே மழை, உள்ளே வெளிச்சம் கம்மி. அதனால் லென்ஸை அகலமாகத் திறந்து வைத்து எடுத்தேன். அப்படி எடுத்தால் ஃபோகஸ் கொஞ்சம் பிசகினாலும் படம் மன்னிக்காது. ரோல் முடிவதற்கு முன்னால் அவள் விமானம் ஏறிவிட்டாள். மிச்சத்தைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஓட்டிவிட்டுக் கழுவக் கொடுத்தேன்.

பிரிண்ட் வந்தது. கவரைப் பிரித்தேன். முகம் இல்லை. இருக்கிறது... ஆனால் இட்லிப் பானையின் ஆவிக்குப் பின்னால் இருக்கிறது. பின்னலில் வைத்த கனகாம்பரம் மட்டும் இதழ் இதழாகத் தெரிகிறது. ஒரு படத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்த பெட்டி. பெட்டியின் பூட்டு அவ்வளவு துல்லியம்! பூட்டைப் பார்த்துக்கொண்டா நான் இரண்டு வருஷம் இருப்பது?

கை நடுங்கியிருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த லீவில் அம்சாவைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஆடாதே, மூச்சு விடாதே, தலையைத் திருப்பாதே.

"ஏங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வரேன். அதுலயும் பாதி நேரம் செவுத்துல சாஞ்சு செலை மாதிரி நிக்கறேன். போட்டோ புடிக்கறத விட்டுட்டு என்னக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

பார்த்திருக்கலாம். அவள் போன பிறகு பிரிண்ட் வந்தது. மறுபடியும் ஆவி.

சமீபத்தில் ஒரு நாள் எல்லாப் படங்களையும் பாயில் பரப்பி வைத்து உட்கார்ந்தேன். ஆசையாகப் பார்க்காமல், பிள்ளைகளின் டிராயிங் நோட்டைத் திருத்துகிற கண்ணோடு பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு படத்தில்கூட ஆட்டம் இல்லை. எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு சாண் பின்னால் இருப்பது துல்லியமாக விழுந்திருக்கிறது. நடுங்கிய கை அப்படி ஒழுங்காகவா தப்பு செய்யும்?

தப்பு கையில் இல்லை, கேமராவின் ஃபோகஸில்தான் என்று சாதிக்கிடம் போய்ச் சொன்னேன். குதித்தான்.

"கோபுரத்த வெச்சு செட் பண்ணது, அது எப்படி மாஸ்டர் தப்பாவும்? கோபுரமே தப்புன்றியா நீ?"

"கோபுரம் சரிதான்டா. உன் கடைக்கு அது கிட்ட இருக்கு. இன்ஃபினிட்டின்னா கிட்டயா இருக்கும்?"

கேமராவை வாங்கிக் கோபுரத்தைப் பார்த்தான். ஒன்றாகத் தெரிந்தது. அவன் கடையிலிருந்து பார்த்தால் மலை கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால் தெருக்கோடி வரைக்கும் நடந்து போய் மலையைப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. "ரெண்டு மலை" என்றான்.

அடிவாரத்திலேயே குடியிருந்துகொண்டு இத்தனை வருஷம் ஏன் கவனிக்கவில்லை என்கிறீர்களா? மலையை யார் சார் படம் எடுக்கிறார்கள்? அது எங்கே போகப்போகிறது? போகிறவளைத்தானே எடுப்பேன்.

பக்கத்தில் இருப்பது பெரிசாகத் தெரிகிறது. பெரிசாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக எண்ணிவிடுகிறோம். கேமரா விஷயத்தில் மட்டும்தானா இது? நீங்களே யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளியம்மா இறங்கிப் போன பிறகு வேலையை முடித்தோம். நான் கண்ணை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்றேன். சாதிக் திருகினான். இரண்டு மலையும் மெல்ல நகர்ந்து ஒன்றானபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கி மறுபடியும் இரண்டாகத் தெரிந்தது. தை மாசம் அம்சா வருகிறாள். இந்த முறை முகம் கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குத்தான் எப்போதும் பேசுவாள். இரைச்சல் ஜாஸ்தி. கத்தித்தான் பேச வேண்டும். கடையில் மருந்து வாங்க நாலு பேர் நின்றார்கள்.

"தை மாசம் லீவு இல்லையாம்ங்க. ஆள் கம்மியா இருக்காங்க. சித்திரைக்குப் பாக்கலாம்னு சொல்றாங்க."

கேமரா சரியாகிவிட்டது என்றேன். கோபுரக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப முகம் தெளிவா விழுமா?"

"கண் இமை வரைக்கும் விழும்."

"அப்ப வேணாங்க" என்றாள். "நரை நெறைய வந்துடுச்சு. நைட் டூட்டி பாத்துப் பாத்து கண்ணுக்குக் கீழல்லாம் கருப்பு. அந்தப் பழைய போட்டோவுலயே இருந்துட்டுப் போறேன். அதுலதான் நல்லா இருக்கேன்."

மருந்துக் கடை, நாலு பேர், எதுவும் எனக்கு நினைவில்லை.

"அந்த நரையத்தான் நான் பாக்கணும், அம்சா! உனக்கு நரைக்கறப்ப நான் கூட இருந்திருக்கணும். இல்லாமப் போயிட்டேன். இப்பவாவது பாக்கறேன்!"

இருமல் மருந்து கேட்டு வந்தவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு மெதுவாக அவள் குரல் வந்தது.

"ஊருக்கு வரப்ப அடிச்சுக்கலாம்னு டை ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேங்க... அடிக்காம வரேன்."

படம் கிடக்கட்டும், விடுங்கள். ஆள் வந்தால் போதும்.