குண்டுக்கு வாங்கிய கைநாட்டு

போன வாரம் அலோர் காஜாவில் ஓர் எழுதுபொருள் கடைக்குப் போயிருந்தேன். ரப்பர் முத்திரைக்கு மைப்பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. மை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கடைக்காரப் பெண் மூடியைத் திறந்து நீட்டினாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஐம்பது தாண்டிய ஒருத்தி மைப்பெட்டிக்குப் பயந்து ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. செங் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தலையில் வலை மாட்டிக்கொண்டு, எறும்பளவு உதிரிப் பாகங்களைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உலகத்தைக் காப்பாற்றுவேன். எங்கள் வட்டார இளைஞர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பருத்திக் குர்தா, தோளில் துணிப்பை, பார்வை நன்றாக இருந்தும் ஒரு மூக்குக்கண்ணாடி. ஆசிரியை என்று நினைத்து யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டால் திருத்தமாட்டேன்.

பசிபிக் கடலில் இருக்கும் ஒரு தீவில் பிரெஞ்சு அரசாங்கம் மறுபடியும் அணுகுண்டுச் சோதனை செய்யத் தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் கோபம். சோதனையை நிறுத்து, வரப்போகும் தடை ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு மனு அச்சடித்துக் கொடுத்தார்கள். அதிகக் கையெழுத்து வாங்குகிறவர் கோலாலம்பூருக்குப் போய்த் பிரெஞ்சுத் தூதரகத்தில் மனுக்கட்டை நேரில் கொடுக்கலாம். பத்திரிகையில் படம் வரும். பசிபிக் கடல் எனக்குத் தூரத்தில் இருந்தது. படம் கொஞ்சம் கிட்டே இருந்தது.

டவுன்காரர்கள் "அப்புறம் பார்க்கலாம்லா" என்று நழுவினார்கள். அதனால் தோட்டத்துக்குப் போனேன், கோலா சுங்கை பாரு போகிற வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம். அந்த நாளில் தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸில் ஏறினால் புளித்த ரப்பர்பால் வாசம் கூடவே ஏறும். பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், அப்பா டவுனுக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் நானும் திரும்பிக்கொள்வேன்.

லயத்து வரிசை வீடுகளின் முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் என்னிடம் பேசினாள். பாக்கியம் அக்கா. நாற்பது வயது இருக்கும். பால்மரம் வெட்டுகிறவள், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. நான் மனப்பாடம் செய்திருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"குண்டு யாருகிட்ட இருக்கு தங்கச்சி?"

"பெரிய நாடுங்ககிட்டக்கா."

"அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப குண்டு இல்லாத எங்ககிட்ட எதுக்கு வாங்குறே?"

மனுவோடு கொடுத்திருந்த துண்டறிக்கையைப் பார்த்தேன். அதில் அந்தக் கேள்வி இல்லை. நான் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு பெரியவர் இரைந்தார்: "என்னம்மா, ஐசி விஷயமா?"

ஐசி என்றால் அடையாள அட்டை. அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சிவப்பு ஐசி. நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமக்கள் இல்லை. நீல அட்டைதான் குடியுரிமை. பாக்கியம் அக்கா அதே லயத்தில் பிறந்தவள். பிறப்பை யாரும் பதியவில்லை, அவ்வளவுதான். மூன்று முறை மனுப் போட்டுத் திரும்பி வந்திருந்தது. அவள் முகம் சட்டென்று மாறியது.

"நீல ஐசிக்கா தங்கச்சி? கவர்மெண்டுக்கா போகுது?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் சொன்னது இது: "பெரிய எடத்துக்குப் போகுதுக்கா. போட்டா நல்லது நடக்கும்."

நான் துணிப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினாள். மரம் வெட்டி வெட்டி ரேகை தேய்ந்திருந்தது. முதல் முறை வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது. "சரியா விழலன்னா தள்ளிடுவாங்க" என்று அவளே மறுபடி அழுத்தி வைத்தாள். பிறகு வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். "டீச்சர் வந்திருக்காங்க, ஐசிக்கு எழுதுறாங்க" என்றாள். நான் பின்னாலேயே போனேன். ஒரு வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

எனக்குத்தான் அதிகக் கையெழுத்து. தூதரக வாசலில் ஒரு காவலர் மனுக்கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். படம் வந்தது, கண்ணாடியோடு நன்றாகவே விழுந்திருந்தேன். கீழே என் பெயரும் வேலை செய்யும் தொழிற்சாலையும் போட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். வேலை முடிந்து தொழிற்சாலை வாசலுக்கு வந்தேன். பாக்கியம் அக்கா நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். கையில் என் படம் வந்த தமிழ்ப் பத்திரிகைத் துண்டு. அதை எடுத்துக்கொண்டு ஐசி ஆபீசுக்குப் போயிருக்கிறாள். முகப்பில் இருந்த மலாய் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நின்ற ஒருவரை வாங்கிப் படிக்கச் சொன்னாராம். அவர் உரக்கப் படித்திருக்கிறார். வரிசை முழுதும் சிரித்ததாம்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"குண்டுக்குத்தானா தங்கச்சி?"

கூட வேலை செய்யும் பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

"நான் தெளிவாத்தான் சொன்னேன்கா. நீங்கதான் சரியாக் கேக்கல."

அவள் பத்திரிகைத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆமா. எனக்குத்தான் விளங்கல போல" என்று சொல்லிவிட்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தாள். முதல் பொய்க்கு ஆசை காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது?

நான் அவளுக்கு உதவியிருக்கலாம். என் சித்தப்பாவுக்குக் குடியுரிமை விண்ணப்பப் பாரம் எழுதி, கூடவே அலைந்து, நீல அட்டை வாங்கிக் கொடுத்தவள் நான். வழி தெரியும். அடுத்த ஞாயிறு போகலாம் என்று நினைத்தேன். பிறகு அதற்கடுத்த ஞாயிறு. மறுவருஷம் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. சங்கத்தில் கேக் வெட்டினார்கள். நான் தலைவலி என்று போகவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் சிலர் இன்றுவரை போடவில்லை. அந்த ஒப்பந்தம் இன்னும் நடப்புக்கு வரவில்லை. அக்கா கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

கடைசியில் நான் போனது எட்டு வருஷம் கழித்து. தோட்டத்தை விற்றுவிட்டிருந்தார்கள். லயம் இல்லை, பால்மரம் ஒன்றுகூட இல்லை. ஒரே மாதிரி கூரை போட்ட தாமான் குடியிருப்பு வீடுகள் வரிசையாக நின்றன. ஆட்கள் செங்குக்கும் எங்கெங்கோவும் சிதறிப் போய்விட்டார்களாம். அவளுக்கு நீல அட்டை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த லயத்துக்காரர்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருந்த ஒரே காகிதம் நான் எழுதியதாகத்தான் இருக்கும். அதை எந்தக் கிடங்கில் போட்டார்களோ, எப்போது எரித்தார்களோ.

தாமான் வாசலில் காவலுக்கு இருந்த மலாய்க்காரர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். அதுவும் பொய்தான்.