பரீனா வைத்த காவல்

பரீனா பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கிய பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கணவன் சஜீத் சிரிப்பான். இறக்கக்கண்டி மீனவர் சங்கத்தில், கடலில் நிற்கும் படகுகளைத் திரையில் காட்டும் நிரலை அவளும், அவளை அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிடும் இளைஞன் முனீப்பும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நிரலைக் கட்டும் வேலைகளைக் கணினிக்கு வரிசையாகச் சொல்லும் மேக் கோப்பின் தலையில் ‘துடை’ என்றொரு வேலை நின்றது. பழைய கோப்புகளோடு படகுகளின் இருப்பிடப் பதிவையும் அது அழித்துவிடும். எந்த வேலை என்று சொல்லாமல் வெறுமனே மேக் என்று அடித்தால், முதலில் நிற்பதைத்தான் அது செய்யும். அவசரத்தில் யாராவது அப்படி அடித்துவிட்டால்? அதனால் ‘துடை’க்கு மேலே, கோப்புப் பெயரின் பின்னொட்டைப் பார்த்து நிரலைத் தொகுக்கும் ‘பின்னொட்டு விதி’ ஒன்றைக் காவலுக்கு வைத்தாள்.

“இனி வெறுமனே அடிச்சாலும் பயமில்ல, முனீப். மேல நிக்கிற விதிதான் ஓடும்” என்றாள். ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கலாம். அதற்கும் அவளுக்குப் பயம்.

சோளகக் காற்று பேயாய் வீசிய ஒரு நாள் திரை உறைந்துபோனது. கடலுக்குப் போயிருந்த சஜீத்தின் படகில் இருப்பிடத்தை அனுப்பும் கருவி காலையிலேயே அடங்கிவிட்டது. அது கடைசியாக அனுப்பிய இடம் பதிவில் மட்டும் இருந்தது. முனீப் பிழையைத் திருத்தினான், வெறுமனே மேக் என்று அடித்தான்.

“ராத்தா! எல்லாம் அழியுது!”

புள்ளியில் தொடங்கும் பின்னொட்டு விதியை மேக் முதல் வேலையாக எடுப்பதே இல்லை. அதைத் தாண்டி அடுத்ததைத் தேடும். அடுத்து நின்றது ‘துடை’. மற்றப் படகுகள் புதிய சமிக்ஞை அனுப்பித் திரையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சஜீத்தின் படகு வரவில்லை.

சஜீத்தைத் தேடிப் புறப்பட்ட, அவள் ‘காக்கா’ என்று அண்ணன் முறையில் கூப்பிடும் அபூதாஹிர் படகிலிருந்தே தொலைபேசியில் கேட்டார்.

“தங்கச்சி, சஜீத் கடைசியா நிண்ட இடத்தச் சொல்லுங்கோ.”

காலை முழுக்க அந்த இடத்தைக் குறிக்கும் எண்களையே வெறித்துக்கொண்டிருந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும், கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது.

“நிச்சயந்தானே? இருட்டினா வேற இடத்தில தேட ஏலாது.”

பரீனா திரையைப் பார்த்தாள். சஜீத்தின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

“ஓம் காக்கா” என்றாள்.

அவள் சொன்ன இடத்தை நோக்கி அபூதாஹிர் படகைத் திருப்பினார்.