சேர்ந்த எலும்பும் வடியாத கஞ்சியும்

மருத்துவ ஆய்வில் களப்பணியாளர் வேலை என்பது, நோயாளியிடம் டாக்டர் மாதிரியும் டாக்டரிடம் ப்யூன் மாதிரியும் திட்டு வாங்கும் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

எம்.எஸ்சி. முடித்த சூட்டோடு திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வில் சேர்ந்தேன். மணிக்கட்டு உடைந்தவர்களுக்கு மாவுக்கட்டோடு ஒரு மாத்திரையும் கொடுத்தால் எலும்பு நன்றாகச் சேருமா என்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மருந்து; மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அறிவியல் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் புல்லரித்துப் போனேன்.

ஒரே ஆட்டோ

நாகலாபுரம் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் எங்கள் ஆய்வுக்கு ஒரே நாளில் மூன்று மணிக்கட்டுகள் கிடைத்தன. சுலோச்சனா அக்கா, அவர் ஓரகத்தி தனம், ஆட்டோ ஓட்டிய கோவிந்தசாமி. ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த எங்கள் அறையில் அன்று ஏறக்குறைய பண்டிகை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சுலோச்சனா அக்கா ஊர் அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைப்பவர். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது கை தயாராக இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நான் விதிப்படி எல்லாவற்றையும் விளக்கினேன். மருந்து, மாவு, பக்கவிளைவு, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை. கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் கெடக்கட்டும் பாப்பா. ஸ்கூல் தொறக்கசொல்ல நான் குண்டானைச் சாய்ச்சி கஞ்சி வடிக்கணும். அது நடக்குமா, அதைச் சொல்லு."

சமபங்கு

இரண்டாவது முறை வந்தபோது ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருவருடைய மாத்திரைகளும் ஒன்றாகக் குலுங்கின. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிட்டால் ஆய்வே பாழ் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். தனம் கொஞ்சமும் அசரவில்லை.

பெரிய டாக்டரிடம் ஓடினேன். இந்த இருவரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று வாதாடினேன். அவர் மீதி மாத்திரைகளை எண்ணச் சொன்னார். மொத்தம் சரியாக இருந்தது. "அப்புறம் என்னம்மா?" என்று அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். திரும்பி வந்த என்னைப் பார்த்துத் தனம் சமாதானமாகச் சொன்னாள்: "ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவுன்னா வூட்ல சண்டை வராதா மேடம்? அதான் கலந்து ஆளுக்குப் பாதியா துன்னுக்கினு வர்றோம்."

மனசு நோகாமல்

கோவிந்தசாமி கதை வேறு. எக்ஸ்ரே எடுக்கும் நாளில் கைமேல் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். துண்டை அவிழ்த்ததும் எங்கள் மாவுக்கட்டு வேர்க்கடலைத் தோல் மாதிரி இரண்டாகப் பிளந்து மேஜைமேல் விழுந்தது. உள்ளே மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வாசனை. இங்கிருந்து போன மறுநாளே எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அறுத்தெடுத்த எங்கள் கட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மட்டும் மேலே மாட்டிக்கொண்டு வருகிறார்.

நியாயமாகப் பார்த்தால் இவர் எலும்பு சேர்வதற்கு எங்கள் மாத்திரை சாட்சி சொல்ல முடியாது. அதையும் போய்ச் சொன்னேன். "மாத்திரை சாப்பிட்டாரா? சாப்பிட்டாருன்னா ஆய்வுல இருக்காரு" என்று பதில் வந்தது. புத்தூரில் போட்ட கட்டையாவது மறைக்காமல் வந்திருக்கலாமே என்று கோவிந்தசாமியைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டார். "இன்னா மேடம், அம்மாம் ஆசையா போட்டு வுட்டீங்க. உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் இதையும் மாட்டிக்கினு வந்தேன்."

கேள்விக்கு வெளியே

கட்டுப் பிரித்த அன்று சுலோச்சனா அக்காவின் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. டாக்டர் முகத்தில் திருப்தி. எனக்கு மட்டும் அந்தக் குண்டான் ஞாபகமாகவே இருந்தது. என் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, கஞ்சி வடிப்பது போலச் சாய்க்கச் சொன்னேன். மணிக்கட்டு திரும்பவில்லை. தோள் திரும்பியது, முகம் கோணியது, பாட்டில் நழுவிக் கீழே உருண்டது. அக்கா குனிந்து இடது கையால் எடுத்துக் கொடுத்தார்.

தினம் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் திரும்பும் என்றார்கள் பிசியோதெரபியில். நாகலாபுரத்திலிருந்து தினம் திருப்பதிக்கு எப்படி வருவார்? ஆய்விலேயே அதற்கு ஒரு வழி செய்யக் கூடாதா, ஊருக்கே ஒருவரை அனுப்பக் கூடாதா என்று நான் பெரிய டாக்டரிடம் நின்றுகொண்டே சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "ஏம்மா, எலும்பு சேர்ந்துச்சா இல்லையா, அதுதான் நம்ம கேள்வி. கை திரும்புதாங்கறது வேற ஆய்வு. வேணும்னா நீ பிஎச்.டி.க்கு எடுத்துக்கோ."

நல்ல கேள்வி

முடிவுகளைச் சித்தூரில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் வெளியிட்டார்கள். திரையில் காட்டிய வரைபடத்தில் ஒரு பச்சைக் கம்பம் உயரமாக நின்றது: எலும்பு சேர்ந்தவர்கள். அந்தக் கம்பத்துக்குள் பிஸ்கட் டப்பாவும் இருந்தது, புத்தூர்ப் பச்சிலையும் இருந்தது, சுலோச்சனா அக்காவும் இருந்தார். கைதட்டல்.

நான் எழுந்தேன். "இவர்களில் பழைய வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்?" தலைமை தாங்கியவர் மிக நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, நேரமின்மையால் உணவு இடைவேளை என்று அறிவித்தார். நான் விடாமல் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் முரளி, தமிழையும் தெலுங்கையும் ஒரே வாயில் பேசுகிறவர், என் துப்பட்டாவை இழுத்தார். "கூர்ச்சோ மேடம், உட்காரு. நீ கேட்டதுக்கு ஆன்சர் பிரியாணிதான்."

ஒரு காகிதம்

ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு முடிவைச் சொல்வது யாருடைய வேலையும் இல்லையாம். நானே பஸ் ஏறினேன். பள்ளி திறந்திருந்தது. சமையல் கொட்டகையில் குண்டானைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவள் தனம். அக்காவும் இவளும் சாப்பிட்டது அதே டப்பா, பாதிப்பாதி மாத்திரை. அவள் கை நன்றாகவே திரும்பியது. வேலை அவளுக்குப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுலோச்சனா அக்கா வீட்டு வாசலில் இருந்தார். ஆய்வு வெற்றி, எலும்பு சேர்ந்தவர்கள் கணக்கில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன். அவர் முகமோ மலர்ந்தது. "நல்லா ஆனவங்கள்ல என் பேரும் இருக்குதா? அப்போ அதை ஒரு காயிதத்துல எழுதிக் குடு பாப்பா, எட்மாஸ்டர் கிட்ட காட்டி வேலையைத் திரும்பக் கேக்கறேன்."

எங்கள் ஆய்வின்படி சுலோச்சனா அக்கா பூரண குணம். அவர் கைக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.