எதிர்க்கடை ஞானப்பூ

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பையனுக்குச் சின்னம்மை. கதவில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. பரவாயில்லையே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள், அதே கதவிடுக்கு வழியாக அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டியா! கதவைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆனால் அந்த வாசனை என்னை அதற்குள் அஞ்சுகிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அஞ்சுகிராமத்தைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. அங்கேயிருந்து வருகிற வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டின் முன்னறைதான் கடை. என் வீட்டுக்காரர் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து வேலையில் இருந்தார். எப்போதாவது வருவார். வந்தால் வடையைத் தின்றுவிட்டு, உப்பு கூடுதல் என்று சொல்லிவிட்டுப் போவார். ஆகவே கடை என்னுடையது. ரசவடை, சுசியம், ஏத்தங்காய் பஜ்ஜி. என் ரசவடைக்காகவே வண்டியை மெதுவாக ஓட்டி, விடியும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருகிறவர்கள் உண்டு. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் சொல்ல வேண்டியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

எதிரே ஞானப்பூ. வேதக்கோயில்காரி, அதாவது கிறிஸ்தவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், புருஷன் இல்லை. கிரேஸ் என்று ஒரே மகள். அவள் வீட்டு முன்னறையில் புட்டும் ஆப்பமும், கூடவே பொரித்த அப்பளமும். குழலிலிருந்து குச்சியால் ஒரு தள்ளு தள்ளுவாள். புட்டு உடையாமல் முழுசாக இலையில் வந்து படுக்கும், ஆவி மேலே எழும்பும். அதற்கே நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எண்ணெய்ப் புகையில் நான் கருத்துக்கொண்டே வந்தேன். ஆவியில் நின்று அவள் மினுங்கிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, வெள்ளைச் சேலை உடுத்திக் கோயிலுக்குப் போவாள். மறுநாள் வண்டிக்காரர்கள், "நேத்து எங்க போனிய அக்கா?" என்று அவளிடம் குறைப்பட்டுக்கொள்வார்கள். நான் ஒரு நாள் அடைத்தால் யாருக்கும் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நன்றாகவே எரிந்தது.

ஒரு பங்குனியில் பெரியம்மை வந்தது. முதலில் கண்டது எங்கள் வரிசையில் தையற்காரர் வீட்டுப் பையனுக்கு. அவனுக்கு அம்மை கண்ட அன்று அவனுடைய அம்மா தலைமுடியைக்கூட முடியாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"எம் பிள்ளைக்கு அம்ம வெளையாடுகா மக்கா. சட்டிய எறக்கிரு."

அம்மை கண்ட தெருவில் எண்ணெய் காயக் கூடாது, தாளிதம் கூடாது. எண்ணெய் கொதித்தால் பிள்ளையின் உடம்பில் கொப்புளம் கொதிக்கும் என்பார்கள். மறுபேச்சுப் பேசாமல் சட்டியை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் எதிரே பார்த்தேன். அவிப்பதற்குத் தடை ஒன்றும் கிடையாது! புட்டும் ஆப்பமும் அம்மனுக்கே ஆகிவந்தவை போல எதிர்க்கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஞானப்பூ அப்பளத்தை மட்டும் நிறுத்திவிட்டு, பதிலுக்கு அவித்த பயறு வைத்தாள். என் வண்டிக்காரர்கள், என் ரசவடைக்காகவே வந்தவர்கள், அவள் வாசலில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்துத் தலையாட்டி வேறு வைத்தார்கள்.

எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நானும் ஒரு குழல் வாங்கினேன். மாவைப் பிசிறி, தேங்காய் போட்டு, அவித்துத் தள்ளினேன். பொலபொலவென்று கொட்டியது. ஒரு வண்டிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "புட்டு கேட்டா கடக்கரை மண்ண அள்ளி வச்சிருக்கிய?" என்றார். எதிரே ஞானப்பூ சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

கடைசியில் தையற்காரர் மகனுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். மறுநாள் விடியும் முன்பே சட்டியை ஏற்றிவிட்டேன். முதல் வடையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிர்க்கடை அடைத்துக் கிடக்கிறது. கிரேஸுக்கு அம்மை. அம்மை கண்ட வீட்டில் யார் கைநனைப்பார்கள்? வண்டியெல்லாம் என் பக்கம் திரும்பியது. முறைப்படி சட்டியை இறக்க வேண்டும், மனம் வரவில்லை. பிள்ளையை நினைத்தால் நெஞ்சு பதறியது, அடைத்த கதவைப் பார்த்தால் குளிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் முடியுமா என்று கேட்காதீர்கள், முடியும்.

அப்போதுதான் ஞானப்பூ ஜன்னலைத் திறந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டாள்.

"ஏட்டி, எம் பிள்ளைக்காக நீ சட்டிய எறக்காண்டாம். நாங்க அதெல்லாம் பாக்க மாட்டோம். நல்லா சுட்டு வில்லு."

வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். "என்ன மனசு பாத்தியளா?" என்று ஒருவர் என் வடையைத் தின்றுகொண்டே அவளைப் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையை அடைத்துக்கொண்டும் அவளே ஜெயிப்பதா? பெரிய மனுஷியாக அவள் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

சட்டியை இறக்கினேன்.

"நீங்க பாக்காட்டி போங்க அக்கா, நான் பாப்பேன்!" என்று கத்தினேன். கனல் மீது தண்ணீரை ஊற்றியபோது எழும்பிய ஆவி, அவளுடைய புட்டு ஆவிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

அப்படி இரண்டு கடையும் அடைத்துக் கிடந்தன. வண்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? நாலு வீடு தள்ளி, முக்கில் ஓர் அண்ணாச்சி அப்போதுதான் காப்பிக்கடை போட்டிருந்தார். அங்கே போனார்கள். இட்லியும் காப்பியும், உட்கார பெஞ்சும். கிரேஸ் முகமெல்லாம் தழும்போடு பிழைத்து எழுந்தாள். நாங்கள் இருவரும் கடை திறந்தோம். என் வடை ஆறியது, அவள் புட்டு ஆறியது. வண்டிகள் முக்கிலேயே நின்றன.

ஒரு மத்தியானம் ஞானப்பூ ரோட்டைக் கடந்து வந்து, முதல்முறையாக என் முன்னறையில் உட்கார்ந்தாள். ஆறிப்போன வடை ஒன்றை எடுத்துத் தின்றாள்.

"அந்த அண்ணாச்சி வீட்லயும் ரெண்டு பிள்ளைக்கி அம்ம கண்டுது, தெரியுமாட்டி?"

எனக்குத் தெரியாது. "பொறவு எப்பிடி கடைய தொறந்தாரு?"

"வீடு தெக்குத்தெருவுல இருக்கு. பிள்ளைகளப் பாக்க அவருக்குப் பொண்டாட்டி உண்டு. நமக்கு ஏதுட்டி பொண்டாட்டி?"

இருவரும் சிரித்தோம். அதுவரை அவள் மேல் செலவழித்த பொறாமையையெல்லாம் திருப்பி வாங்கி, முக்குக் கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டலாம் போலிருந்தது.

அந்த மழைக்காலத்துக்குள் இரண்டு கடையும் மூடிவிட்டன. நான் குலசேகரத்துக்குப் போனேன். ஞானப்பூ ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். மாதச் சம்பளம், தங்க இடம், கிரேஸுக்குப் படிப்பு. கேள்விப்பட்டபோது எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

எதிர்வீட்டுப் பெண், அந்தப் பையனின் அம்மா, வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். அன்று சாயங்காலம் அவளை மாடிப்படியில் பார்த்தேன். "பையன் எழுந்திரிக்கிற வரைக்கும் ஆர்டர் எதுவும் எடுக்கலை ஆன்ட்டி, எல்லாரும் வேற ஆள்கிட்ட போயிட்டாங்க" என்றாள். அப்பளம் புருஷன் கேட்டாராம். அவர் வழக்கம்போல ஆபீஸ் போய்விட்டு வருகிறார்.

பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது. ரோட்டை அகலமாக்கியதில் என் முன்னறையும் போயிற்று, ஞானப்பூவின் முன்னறையும் போயிற்று. ஞானப்பூவும் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் ஆர்டரையெல்லாம் எடுத்துக்கொண்ட ஆள் எந்தத் தெருவிலோ இருக்கிறாள். அவளுடைய அடுப்பு இவளுக்குத் தெரியாது, இவளுடைய வேப்பங்கொத்து அவளுக்குத் தெரியாது. பொறாமை தாங்காமல் தன் சட்டியை இறக்கிவைக்க, எதிரே ஒருத்தி இவளுக்கு இல்லை.